பண்டிகை ஊருக்கு, ஓய்வு யாருக்கு?

தைத் திருநாள் நெருங்குகிறது. தமிழ்நாட்டில் அது பொங்கல், ஆந்திரத்தில் சங்கராந்தி. இரண்டு பெயர்களும் ஒரே வீட்டில் புழங்கும் பகுதி புத்தூர், நகரி, சத்தியவேடு வட்டாரம். சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்தே செல்கிறது. டிசம்பர் 25 கிறிஸ்துமஸ், டிசம்பர் 30 வைகுண்ட ஏகாதசி, அடுத்து ஆங்கிலப் புத்தாண்டு, சனவரி 8 வரை திருமலையில் சொர்க்கவாசல் தரிசனம், அதன்பின் சங்கராந்தி என மூன்று வாரங்களாக அச்சாலையில் கூட்டம் குறையவில்லை. இனி ஊர் திரும்புவோரின் கூட்டம் தொடங்கும்.

இந்த மூன்று வாரங்களிலும் தம் வீட்டுக்குப் போக முடியாதவர்கள் சிலர் உண்டு. பேருந்து ஓட்டுநர், நடத்துநர், லாரி ஓட்டுநர், பார்சல் வண்டி ஓட்டுநர், கைப்பேசிச் செயலியில் வரும் உத்தரவைப் பின்பற்றி வீடு வீடாகப் பொருள் சேர்க்கும் இளைஞர் ஆகியோரே அவர்கள். 'வார ஓய்வு ரத்து', 'டபுள் டூட்டி', 'ஸ்பெஷல் ட்ரிப்' என்னும் சொற்கள் போக்குவரத்துத் தொழிலாளர் எவருக்கும் புதியவை அல்ல. ஊர் கூடிப் பொங்கலிடும் நாளில், டிப்போவின் ஓய்வறையில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு மீண்டும் சக்கரத்தைப் பிடிப்பதே அவர்களது பண்டிகையாக இருக்கிறது.

பண்டிகைக் காலத்தில் வண்டி ஓடக்கூடாது என்று நாம் கூறவில்லை. ஊருக்குச் செல்லக் காத்திருப்போரும் உழைக்கும் மக்களே. சென்னையின் கட்டுமானத் தளங்களிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோரைப் பார்க்கப் போகும் தொழிலாளிக்குப் பேருந்து கட்டாயம் வேண்டும். கூடுதல் வண்டிகள் ஓட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவற்றைக் கூடுதல் ஆட்களைக் கொண்டு ஓட்டுவதா, இருக்கும் ஆட்களின் ஓய்வைப் பறித்து ஓட்டுவதா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி புதியதன்று. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இதை நேரடியாகவே எதிர்கொண்டது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அச்சட்டம் வேலைநேரத்தை வரையறுத்தது. நெடுந்தூரத் தடங்களுக்கும் பண்டிகை போன்ற காலங்களுக்கும் விதிவிலக்கு அளித்தது. ஆனால் அந்த விதிவிலக்கையும் வேலியிட்டே அளித்தது: அதிகாரியின் ஒப்புதல் பெற்றாக வேண்டும், நாளுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டலாகாது. ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்குவதற்குள் குறைந்தது 9 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும். போக்குவரத்து தடைப்படாதிருக்க வார ஓய்வு நாளில் பணிக்கு அழைக்கலாம். ஆயினும் ஒரு முழுநாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து 10 நாட்களுக்கு மேல் வேலை வாங்கலாகாது. இழந்த ஓய்வுக்கு ஈடாக அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ மாற்று ஓய்வு தர வேண்டும். மிகைநேரத்துக்கும் ஓய்வு நாள் பணிக்கும் இரட்டைக் கூலி.

இச்சட்டம் ஆளும் வர்க்கத்தின் தயவால் வந்ததன்று. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதைத் தொழிற்சாலைகளுக்கும் சாலைப் போக்குவரத்துக்கும் சேர்த்து வகுத்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 14ஆம் உடன்படிக்கை 1921இல் உருவானது. பிரிட்டிஷ் இந்தியா அதற்கு இசைவளித்தது 1923 மே மாதத்தில். அதே மாதத்தின் முதல் நாளில்தான் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1936 சூலை 30 அன்று புதுச்சேரியில் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையான பின்னரே அங்கு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஓய்வு நாள் என்னும் உரிமைக்குப் பின்னால் இத்தகைய வரலாறு இருக்கிறது.

அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிய ஒன்றிய அரசு, 2025 நவம்பர் 21 அன்று அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் தொழிலாளர் சட்டம், பணியிடப் பாதுகாப்பு மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. எட்டு மணி நேரம் என்ற சொல் அதில் இருக்கிறது. இரட்டைக் கூலியும் இருக்கிறது. ஆனால் மிகைநேரத்தின் உச்ச வரம்பை அரசுகள் விதிகளின் மூலம் வகுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருந்த '54 மணி' என்னும் வேலி இனி அதிகாரிகளின் அறிவிக்கையைப் பொறுத்தது. வார ஓய்வு நாளில் மோட்டார் தொழிலாளியைப் பணிக்கு அழைக்கும் அதிகாரமோ, பத்து நாள் என்ற அதே வரம்புடன், முதலாளியின் கையிலேயே தொடர்கிறது.

மிகைநேரப் பணிக்குத் தொழிலாளியின் ஒப்புதல் வேண்டும் என்று புதிய தொகுப்பு கூறுகிறதே என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். இங்கே இரண்டு சொற்களை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஒப்புதல் வேறு, உடன்பாடு வேறு. ஒப்புதல் என்பது தனியொருவனிடம் வாங்கப்படுவது. மேலதிகாரியின் மேசைக்கு முன் நிற்கும் தொழிலாளி, அடுத்த மாதம் எந்தத் தடம் கிடைக்கும், எந்த விடுப்பு மறுக்கப்படும் என்று எண்ணியவாறே அதைத் தருகிறான். உடன்பாடு என்பது இரு தரப்பும் சமமாக அமர்ந்து செய்துகொள்வது. தொழிலாளியைச் சமமாக அமரச் செய்வது சங்கம். சங்கத்தை வலுவிழக்கச் செய்து, வேலைநிறுத்த உரிமையை முடக்கிவிட்டு, தனியாளின் ஒப்புதலை உரிமையென்று பெயரிடுவது ஏமாற்றே ஆகும். எல்லைப்புற ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், டிப்போவில் தெலுங்கு, சட்டத்தில் ஆங்கிலம் என்ற நிலையில், தனக்குப் படிக்கத் தெரியாத மொழியிலுள்ள தாளில் இடும் கையொப்பத்தை ஒப்புதல் என்று எவ்வாறு கொள்வது?

வேலைநேரத்தை நீட்டும் போக்கில் மாநில அரசுகளும் பின்தங்கவில்லை. ஆந்திர அமைச்சரவை 2025 சூனில் தொழிற்சாலைகளின் அன்றாட வேலைநேர வரம்பை 10 மணியாகவும், மூன்று மாத மிகைநேர வரம்பை 75 மணியிலிருந்து 144 மணியாகவும் உயர்த்த முடிவெடுத்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா நிறைவேற்றப்பட்டதையும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் பத்தே நாட்களில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்பட்டதையும் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எதிர்த்து நின்றால் பின்வாங்கச் செய்யலாம் என்பதற்கு அது அண்மைக் காலச் சான்று.

ஆந்திர அரசுப் போக்குவரத்துத் தொழிலாளரின் நிலை தனிக் கவனத்துக்குரியது. 2020 சனவரி 1 முதல் அவர்கள் அரசு ஊழியர்கள் ஆயினர். பல்லாண்டுக் கோரிக்கை நிறைவேறிற்று. அதே வேளையில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அவர்கள் மீது கவிந்தன. 2003இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியரும் ஆசிரியரும் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, வேலைநிறுத்தம் அவர்களுக்கு உரிமையன்று என உச்சநீதிமன்றம் கூறியதை இங்கு நினைவுகூர வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திரத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் நடைமுறையில் உள்ளது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணின் கையில் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் முக்கியமானது. ஆனால் பயணிகள் பெருகும்போது வண்டிகளும் ஓட்டுநரும் நடத்துநரும் பெருக வேண்டும். மக்களுக்கு அளிக்கும் நலத்திட்டத்தின் செலவைத் தொழிலாளியின் தூக்கத்திலிருந்து எடுப்பது நியாயமாகாது.

அரசுத் தொழிலாளிக்காவது சங்கம் உண்டு. வாடகைப் பேருந்துகளை ஓட்டும் தனியார் ஓட்டுநருக்கும் பார்சல் வண்டி ஓட்டுநருக்கும் பல இடங்களில் அதுவும் இல்லை. செயலிவழிப் பணியாளருக்கோ விடுப்பை ரத்து செய்யும் உத்தரவே தேவையில்லை. 'எப்போது விரும்பினாலும் வேலை செய்யலாம்' என்பது அங்கு முழக்கம். ஆனால் பண்டிகை நாளில் இத்தனை ஆர்டர்களை முடித்தால்தான் ஊக்கத்தொகை என்று இலக்கு வைக்கப்படுகிறது. அன்றாட வருமானம் பெட்ரோலுக்கும் தவணைக்கும் போதாதவன் அந்த நாளில் வீட்டிலிருக்க முடியாது. அரசு டிப்போவில் உத்தரவு செய்யும் வேலையை இங்கே பசி செய்கிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவர்களைப் பெயரளவில் ஏற்றுக்கொண்டாலும், எட்டு மணி நேரமோ வார ஓய்வோ இவர்களுக்கு உறுதி செய்யப்படவில்லை. 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாட்களில் இவர்களது சங்கங்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தன. நிறுவனங்கள் புத்தாண்டு இரவுக்கான ஊக்கத்தொகையை உயர்த்தி அதை எதிர்கொண்டன. நிறுவனத்துக்குப் பண்டிகை எவ்வளவு தேவையோ, அவ்வளவு வலிமை அந்த நாளில் தொழிலாளியின் கையிலும் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

இந்த வலிமையைச் சங்கமாகத் திரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்று உண்டு. யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தில் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தைச் சேர்ந்தோர் ஏறத்தாழ 3,40,000 பேர். ஐந்து நாள் வேலைக்குப் பின் ஆறாவது நாளும் கட்டாயமாக வண்டியேற்றப்படுவது அங்குள்ள ஓட்டுநர்களின் நெடுங்காலக் குறை. 2023இல் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமாகி அவர்கள் பெற்ற ஒப்பந்தத்தில், விடுப்பு நாளில் ஓட்டுநரைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது முக்கிய வெற்றிகளுள் ஒன்றென அச்சங்கம் அறிவித்தது. தாளில் பெற்றதை ஒவ்வொரு பண்டிகைக் காலத்திலும் ஒவ்வொரு டிப்போவிலும் காத்து நிற்க வேண்டும் என்பதும் அதனுடன் சேர்ந்த பாடம்.

நம் அணிகளுக்குள்ளும் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்கலாகாது. மிகைநேரப் பணியை விரும்பிக் கேட்கும் தொழிலாளரும் இருக்கின்றனர். மகளின் கல்விக் கட்டணம், வீட்டுக் கடன், வட்டி என அவர்களது தேவைகள் உண்மையானவை. அவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுவது தவறு. ஓய்வை விற்றால்தான் குடும்பம் நடக்கும் என்றால், அடிப்படைக் கூலி போதவில்லை என்பதே அதன் பொருள். எனவே ஓய்வு நாளுக்கான போராட்டத்தைக் கூலி உயர்வுக்கான போராட்டத்திலிருந்து பிரிக்க முடியாது. விரும்பி வருபவருக்கும் ஓர் உச்ச வரம்பு வேண்டும் என்பதையும் சங்கம் துணிந்து கூற வேண்டும். ஏனெனில் திருமலை மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் பேருந்தைத் திருப்புபவன் தன் உயிரை மட்டும் சுமந்து செல்லவில்லை. முறிந்த எலும்புக்குக் கட்டுப்போடுவதில் புத்தூர் பெயர்பெற்றது. இரவெல்லாம் விழித்த ஓட்டுநர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் நேரும் இழப்புக்கு எந்த ஊரிலும் கட்டு இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். பண்டிகைக் காலப் பணிப்பட்டியலைச் சங்கத்துடன் பேசி முன்கூட்டியே வெளியிட வேண்டும். கூடுதல் பணிக்கு முதலில் விருப்பமுள்ளோரை அழைக்க வேண்டும். ஓய்வு நாளில் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. 10 மணி, 54 மணி, 9 மணி நேர இடை ஓய்வு என்ற பழைய வரம்புகளை மாநில விதிகளில் மீண்டும் எழுத வேண்டும். இரட்டைக் கூலியும் மாற்று ஓய்வும் உரிய காலத்தில் கிடைக்க வேண்டும். இவை வாடகைப் பேருந்து ஓட்டுநருக்கும் பார்சல் ஓட்டுநருக்கும் செயலிவழிப் பணியாளருக்கும் பொருந்த வேண்டும்.

கட்சித் தோழர்களின் முன் இரண்டு பணிகள் உள்ளன. முதலாவது, இந்த உரிமைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே தாளின் இரு பக்கங்களில் அச்சிட்டு டிப்போக்களிலும் லாரி நிறுத்தங்களிலும் டெலிவரி இளைஞர்கள் கூடும் இடங்களிலும் கொண்டு சேர்ப்பது. ஒரு நாள் கூட ஓய்வின்றிப் பத்து நாட்களைத் தாண்டியவர் எவரேனும் இருந்தால் அதைக் குறித்துவைத்துச் சங்கத்தின் வழியாகத் தொழிலாளர் துறையின் முன் வைப்பது. இரண்டாவது, பயணிகளிடம் பேசுவது. வண்டி வரவில்லையென்று ஓட்டுநரிடம் சினம் கொள்ளும் பயணியும், ஓய்வின்றி வரும் ஓட்டுநரும் எதிரெதிர் அணியினர் அல்லர்; ஆளெடுக்க மறுக்கும் கொள்கை ஒன்றே இருவரையும் வதைக்கிறது. பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் பெண்களிடம் இதை எடுத்துரைத்தால் அவர்கள் கேட்பார்கள். அவர்களும் வார ஓய்வு அறியாத உழைப்பாளிகளே.

2025 சூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் கோடிக்கணக்கானோர் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து நின்றனர். அந்த எதிர்ப்பு டிப்போவின் பணிப்பட்டியல் வரை இறங்கிவர வேண்டும். அறுவடைத் திருநாள் உழைப்பவரின் திருநாள் என்று நாம் ஆண்டுதோறும் சொல்கிறோம். அன்று சக்கரத்தைப் பிடித்திருப்பவருக்கும் அது திருநாளாகும்வரை நம் வேலை முடியவில்லை.