பாட்டு முதலில்... கதை பிறகு!

(டி.எம்.இ. மூன்றாமாண்டு மாணவன்)



விடுதியில் எனக்கு 'அபா' பைத்தியம் என்று பட்டப்பெயர். இருக்கட்டும். ஸ்வீடன் நாட்டின் அந்த நால்வர் குழு 1982-லேயே ஓய்ந்துவிட்டது. 2021-ல்தான் மறுபடி ஒரு ஆல்பம் போட்டார்கள். ஆனால் சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா எப்போதோ கொண்டுவந்த கேசட் எங்கள் வீட்டில் ஓயவே இல்லை. அவர்களுடைய பாட்டுகளை வைத்தே எடுத்த 'மம்மா மியா' (2008) படத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படம் பிடிக்கும் என்று சொன்னால் போதும், மெஸ்ஸில் கேள்வி வந்துவிடும். "ஏம்ப்பா, பழைய பாட்டையெல்லாம் பொறுக்கிப் போட்டு, நடுவுல கதையை ஒட்டுப் போட்டா அது ஒரு படமா?"

ஒட்டுதான், யார் இல்லை என்றது? கிரேக்கத் தீவு ஒன்றில் தங்கும் விடுதி நடத்துகிறாள் ஒரு தாய். அவள் மகளுக்குக் கல்யாணம். அப்பா யார் என்று தெரியாத மகள், அம்மாவின் பழைய டைரியைப் படித்துவிட்டு மூன்று பேருக்கு அழைப்பு அனுப்புகிறாள். மூன்று பேரும் வந்து இறங்குகிறார்கள்! இந்தக் கதையை நம்ம ஊர்த் தயாரிப்பாளரிடம் சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். ஜேம்ஸ்பாண்டாக நடித்த பியர்ஸ் பிராஸ்னன் பாடுவதைக் கேட்டாலோ, நம்ம விடுதிக் குளியலறையே தேவலாம்.

அப்படியானால் எதை ரசித்தாய் என்கிறீர்களா?

நம் சினிமாவில் இயக்குநர் காட்சியைச் சொல்வார், அதற்கு மெட்டு வரும், மெட்டுக்கு வரி வரும். இங்கே எல்லாமே தலைகீழ். பெரும்பாலும் எழுபதுகளில் வந்த பாட்டுகள். கேதரின் ஜான்சன் அவற்றுக்கு ஒரு கதை எழுத, 1999-ல் லண்டனில் நாடகமாக வந்து, பிறகு படமாகியது. அதனால் ஒரு வேலைக்குப் பிறந்த பாட்டு வேறொரு வேலையைச் செய்கிறது. 'டான்சிங் குவீன்' பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றிய பாட்டு. படத்தில் அதற்கு ஆடுகிறவர்களோ அந்த வயதை எப்போதோ தாண்டிய தாயும் அவள் தோழிகளும்! ஊர்ப் பெண்களெல்லாம் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, அவர்கள் பின்னால் படகுத்துறை வரைக்கும் ஓடி வருகிறார்கள். அதே பாட்டுதான், ஆனால் இப்போது இது அவர்களுடைய பாட்டு.

இன்னொன்று, 1981-ல் வந்த 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்'. பள்ளிக்கூடம் கிளம்பும் மகளைப் பார்த்து ஏங்குகிற பாட்டு. படத்தில் கல்யாணத்தன்று மகளை அலங்கரித்துவிடும்போது தாய் அதைப் பாடுகிறாள். போன பொங்கல் லீவில் வீட்டில் இதைப் போட்டேன். எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அக்காவைக் கட்டிக்கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பாட்டு முடிகிற வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "இதை இன்னொரு தடவை போடுடா" என்றார்கள். கதை ஒட்டுப்போட்டதா இல்லையா என்று அம்மா கேட்கவில்லை.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைப்பவர்கள் தேவகோட்டை ரஸ்தா பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். யுத்த காலத்து நெருக்கடியில் ஏவி. மெய்யப்பச் செட்டியார் சென்னையை விட்டு வந்து ஸ்டுடியோ போட்ட இடம் அது. அங்கே எடுத்து 1947 ஜனவரியில் வந்த படம் 'நாம் இருவர்'. ப. நீலகண்டனின் நாடகம்தான் கதை. ஆனால் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியவை, செட்டியார் உரிமை வாங்கி வைத்திருந்த பாரதியார் பாடல்கள். டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார்.

(பாரதியைப் பாப் பாடகர் ஆக்கிவிட்டேன் என்று யாரும் அடிக்க வராதீர்கள். அவருடைய பாட்டு முதலில், படம் பிறகு. அவ்வளவுதான் சொல்கிறேன்!)

பாரதி மறைந்தது 1921-ல். சுதந்திரம் வந்துவிட்டது என்று அவர் ஆடிப் பாடி வைத்த பாட்டு, நிஜமாகவே சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்னால் திரையில் ஒலித்தது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் பழைய பாட்டு! கொட்டகையில் உட்கார்ந்து கேட்டவனுக்கு அது பழசாகவா பட்டிருக்கும்? அந்தப் பாடல்களின் உரிமையைச் செட்டியார் 1949-ல் பணம் வாங்காமல் அரசாங்கத்துக்குக் கொடுத்தார் என்பது தனிக் கதை.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழாவில் வருடா வருடம் அதே ரெக்கார்டு டான்ஸ், அதே எட்டுப் பேர். அடுத்த முறை இளையராஜா பாட்டில் எட்டை எடுத்துக் கோத்து ஒரு நாடகம் போடலாம். ஒட்டுப்போடுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கீபோர்டு வாசிக்கத் தெரிந்த சிவில் நண்பர்களும், மேடைக்கூச்சம் இல்லாத முதலாமாண்டுத் தம்பி தங்கைகளும் பெயர் கொடுக்கலாம். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை... பியர்ஸ் பிராஸ்னனே சமாளித்துவிட்டார்!