மண்சரிவும் மேல்வானத்தின் சாட்சியமும்

“சாமி, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?”

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்துச் சென்றபின், பாடசாலைக் கட்டடம் ஒன்றில் தஞ்சம் புகுந்திருந்த தாயொருவர் எம்மிடம் கேட்ட கேள்வி இது. வீடும் மரக்கறித் தோட்டமும் ஒரே இரவில் மண்ணுக்குள் போய்விட்டன. சில நாட்களின்பின் அங்கு படிவம் நிரப்ப வந்தவர், இடம்பெயர்ந்தமைக்கான காரணம் என்ற இடத்தில் ‘இயற்கை அனர்த்தம்’ என்று எழுதிச் சென்றார்.

தாய் பாவம் என்றார். படிவம் இயற்கை என்றது. பாவம் என்றால் பொறுப்பு முழுவதும் அந்தத் தாயின் தலையில் விழுகிறது. இயற்கை என்றால் யார் தலையிலும் விழுவதில்லை. இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்குத் தெல்தெனியவை நினைவூட்டுகிறோம். 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீரில் மூழ்கின. அதனை எவரும் இயற்கை என்று சொல்லவில்லை. மனிதர் கட்டிய அணை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவேதான் இழப்பீடு பற்றியும் மாற்றுக் காணி பற்றியும் பேச முடிந்தது. கிடைத்தது போதுமானதா என்பது வேறு கதை. இன்று மலைச்சரிவிலிருந்து வெளியேறியவர்களுக்கு அந்த அணையைப் போலக் கண்ணுக்குத் தெரியும் காரணம் இல்லை. காரணத்தைக் கண்டறிய, எமது மலைகளை விட்டு வெகுதூரம், வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் மேலேயுள்ள வானம்வரை போகவேண்டியிருக்கிறது.

முதலில் உயரங்களைப் புரிந்துகொள்வோம். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை இரண்டரைக் கிலோமீற்றர்தான். முகிலும் மழையும் புயலும் ஏறத்தாழ 15 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேல் 50 கிலோமீற்றர்வரை படைமண்டலம். அதற்கும் மேல் 85, 90 கிலோமீற்றர்வரை இடைமண்டலம். அங்கே காற்று மிக மிக மெல்லியது.

நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு இந்த எல்லா மண்டலங்களுக்கும் பரவுகிறது. தரைக்கு அருகில் அது எமது தோட்டப் பெண்கள் மழையிலும் குளிரிலும் போர்த்திக்கொள்ளும் கம்பளியைப்போல் வேலை செய்கிறது. பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்து வைப்பதால் கீழே சூடு கூடுகிறது. மேல்வானத்தில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. காபனீரொட்சைட்டு தான் பெற்ற வெப்பத்தை அங்கு வெளியே வீசுகிறது. அதைப் பிடித்துக்கொள்ள மேலே போதிய காற்று இல்லாமையால் வெப்பம் விண்வெளிக்குப் போய்விடுகிறது. அந்த வாயு கூடக்கூட மேல்வானம் குளிர்கிறது. கம்பளி உவமை இங்கே பாதிவழியோடு நின்றுவிடுகிறது. கம்பளிக்கு வெளியே உள்ள காற்றைக் கம்பளி தானாகக் குளிர்விப்பதில்லையே.

கீழே சூடு, மேலே குளிர் என்ற இந்த முடிவை 1967ஆம் ஆண்டிலேயே சியுக்குரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணித்துவிட்டனர். மனாபேக்கு நோபல் பரிசு கிடைத்தது 2021இல். கணக்கு சரிதானா என்று பார்க்க, வானத்துக்கே வெப்பமானியை அனுப்பவேண்டும்.

இவ்விடத்தில் எமது திருச்சபையும் கதைக்குள் வருகிறது. திருவனந்தபுரத்துக்கு அருகேயுள்ள தும்பா என்ற மீனவர் கிராமம், பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்தது. மேல்வானத்தை ஆராய அந்த இடம் வேண்டுமென்று விக்ரம் சாராபாய் கேட்டபோது, ஆயர் பீற்றர் பெர்னாட் பெரைரா ஞாயிறு வழிபாட்டில் பங்குமக்களிடம் சம்மதம் கேட்டார் என்று அப்துல் கலாம் கூறியிருக்கிறார். புனித மரிய மதலேனா தேவாலயம் விஞ்ஞானிகளின் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் திகதி அங்கிருந்து முதல் றொக்கற் புறப்பட்டது. அந்த மீனவக் குடும்பங்கள் வேறிடத்தில் குடியேறின. அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. ஆனால் அவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

1970களிலும் 80களிலும் தும்பாவிலிருந்து வாரத்துக்கு ஒன்றாக எம்-100 என்ற சோவியத் றொக்கற்றுகள் ஏவப்பட்டன. அவை மெல்லிய கம்பி வெப்பமானிகளைச் சுமந்துகொண்டு இடைமண்டலம்வரை ஏறின. அதே வகை றொக்கற்றுகள் வடதுருவத்துக்கு அண்மையிலுள்ள ஹெய்ஸ் தீவிலிருந்தும், அந்தாட்டிக்காவின் மொலொதியோஷ்னயா நிலையத்திலிருந்தும் ஏறின. பனிக்கண்டமும் தென்னை மரக் கடற்கரையும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. 1971 முதல் 1993 வரையான தும்பா அளவீடுகளைப் பின்னர் பூனாவிலிருந்த அறிஞர்கள் ஆராய்ந்தபோது, மேல்வானம் குளிர்ந்து வந்திருப்பது தெரிந்தது. (கண்டியிலிருந்த பாப்பிறைக் குருமடம் 1955இல் போய்ச் சேர்ந்ததும் அதே பூனாதான். குருக்களும் காற்றாராய்ச்சியும் ஒரே ஊரில் கூடியது தற்செயல்.)

துருவங்களின் மேல் ஏன் இத்தனை கண்? கோடைகாலத்தில் துருவத்துக்கு மேலே 85 கிலோமீற்றருக்கு அப்பால் வெப்பநிலை சைபருக்குக் கீழே 130 பாகைக்கும் இறங்குகிறது. பூமியைச் சார்ந்த இடங்களுள் அதைவிடக் குளிரானது வேறில்லை. அங்கே பனித்துகளாலான மெல்லிய முகில்கள், சூரியன் மறைந்த பின்னும் வெள்ளி நிறமாய் ஒளிர்கின்றன. 1885இலிருந்து இவை பதிவாகி வருகின்றன. அந்தாட்டிக்காவிலுள்ள அவுஸ்திரேலியாவின் டேவிஸ் நிலையத்தில், 87 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் மங்கலான இரவொளியை வைத்து 1995இலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் வெப்பநிலையைக் கணித்து வருகிறார்கள். அங்கே பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் குளிர்ந்து வருகிறது.

ஆனால் எல்லாம் இப்படி ஒழுங்காக அமைந்துவிடவில்லை. துருவக் குளிர்காலத்தில் படைமண்டலம் ஒரு சில நாட்களிலேயே 40, 50 பாகை சூடேறி மீண்டும் குளிர்வதுண்டு. நோர்வேயின் வடகரையிலிருந்து ஏவிய றொக்கற்றுகளைக் கொண்டு ஜேர்மன் அறிஞர்கள் ஒப்பிட்டபோது, கோடைகால இடைமண்டலத்தில் பல்லாண்டுகளாக மாற்றமே ஏறக்குறையத் தென்படவில்லை. சூரியனின் பதினொரு ஆண்டுச் சுற்றும் கணக்கைக் குழப்பும். இவற்றை மறைத்துவிட்டு உங்களிடம் பேசுவது நேர்மையாகாது. இத்தகைய ஏற்ற இறக்கங்களுக்குள்ளே உண்மையான போக்கைக் காண இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் அளக்கவேண்டியிருக்கிறது. பல நிலையங்களையும் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பார்த்தால், குளிரும் போக்கு தெளிவாகவே உள்ளது.

இனி, எமது தாயின் கேள்விக்கு இதனால் என்ன விடை? உலகம் சூடாவது சூரியனின் இயற்கையான மாற்றத்தால் என்று வாதிடுவோர் இன்றும் உளர். அடுப்பில் விறகைக் கூட்டினால் பானையும் சூடாகும், மூடியும் சூடாகும். சூரியன்தான் காரணமென்றால் மேல்வானமும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்திருக்கிறது. கைரேகையைப்போல் இந்த அடையாளம் எரிபொருட் புகையைக் காட்டிக்கொடுக்கிறது. தொழிற்சாலைகள் பெருகுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இதில் இலங்கையின் புகை நூற்றில் ஒரு பங்கிலும் மிகக் குறைவு. மரக்கறி நட்ட தாயின் பங்கைச் சொல்லவும் வேண்டுமா?

ஒரு பாகை சூடேறிய காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைச் சுமக்கும். அந்த நீர்தான் மழையாக மலையில் இறங்குகிறது. எந்த ஒரு மண்சரிவையும் காட்டி, இது முழுக்கப் புகையின் வேலை என்று நாம் சொல்லமாட்டோம். மலைநாடு புகைக்கு முன்னரும் சரிந்திருக்கிறது. காட்டை வெட்டியதும், சரிவை அறுத்து வீதி போட்டதும், நீரோடும் பள்ளத்தில் லயங்களைக் கட்டியதும் இங்கேயுள்ள மனிதரின் வேலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி புதையுண்ட கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தைப் பற்றி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் அதே இடத்தில் இருந்தனர், போக வேறு காணி இல்லாமையால். டித்வாவில் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் கண்டியிலேயே உயிரிழப்பு அதிகம். அப்போது எச்சரிக்கை உரிய வேளையில் தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடும் பரவலாக எழுந்தது. 87 கிலோமீற்றர் உயரத்தின் சூட்டை அளக்கத் தெரிந்த உலகத்தில், ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்ல ஆள் இல்லாமற் போனதை மன்னிப்பது எமக்குக் கடினமாயிருக்கிறது.

ஆகவே நீங்கள் கையேந்தி நிற்கும் அகதிகள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வரவேண்டிய கடன் ஒன்று உண்டு. 2022இல் எகிப்தில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒன்றை அமைக்க இணங்கியது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காக்கும் கடமையிலிருந்து தவறும் அரசுகள் இழப்பீடு செய்யவும் நேரலாம் என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. ஏழை நாடுகளுக்குச் செல்வந்த நாடுகள் பட்டிருக்கும் சூழற்கடனைக் காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் சுற்றுமடலிலேயே எடுத்துரைத்தார். இவை எதுவும் நாளைக்கே உங்கள் கையில் காணி உறுதியைத் தந்துவிடாது. தோட்டக் காணியில் உறுதியின்றி மூன்று, நான்கு தலைமுறைகளாக இருந்தவர்களுக்கு இழந்ததை நிரூபிப்பதே பெரும் பாடு. அதனால்தான், வீடு இருந்த இடம், பயிரிட்ட நிலம், பெய்த மழை எல்லாவற்றையும் நீங்களே எழுதி வைக்கவேண்டும் என்று கேட்கிறோம்.

அந்த அளவில் ஒரு சிறு வேலை தொடங்கியிருக்கிறது. மலையகத்துக்கான மண்சரிவு எச்சரிக்கை அளவுகளை இங்கு தருகிறோம். சுவரில் எழுதி வையுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கவேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், உடனே வெளியேறவேண்டும். இரவானாலும் காத்திருக்கக்கூடாது. மேற்பிரிவில் நாம் வைத்த மழைமானியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையொருத்தி தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்துக் கொப்பியில் பதிகிறாள். விடுமுறைக்கு ஊர் போனபோது தம்பியிடம் ஒப்படைத்துப் போனாள். ஒரு நாளும் விடுபடவில்லை. கீழ்ப்பிரிவு மழைமானிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் பணிமனையில் பெயர் கொடுக்கலாம்.