பூங்காவின் கணக்கை ஜனங்கள் முன் வையுங்கள்!

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் ஏரியைத் தூர்வாருகிறோம், மரக்கன்று நடுகிறோம், பூங்கா அமைக்கிறோம் என்று சொல்லி அறக்கட்டளைகள் வேலை செய்து வருகின்றன. பணம் கம்பெனிகள் தருகின்றன. இடம் ஊர்ப் பொதுவானது: ஏரிக்கரை, குளக்கரை, புறம்போக்கு. திறப்பு விழா நடக்கிறது, பலகை நாட்டப்படுகிறது, போட்டோ எடுக்கப்படுகிறது. அதன் பிறகு, வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு, நட்ட கன்றில் பிழைத்தது எத்தனை, அந்த இடத்தை ஆளும் கமிட்டியில் யார் யார் என்று ஊரார் கேட்டால், பதில் சுலபத்தில் கிடைப்பதில்லை.

மரம் நடுவதை நாம் எதிர்க்கவில்லை. பூங்கா வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டார். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு உட்கார நிழல் வேண்டும். நாற்று நட்டுத் திரும்பும் தாய்மாருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் காற்று வாங்க இடம் வேண்டும். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது நிற்கும் இடம் 20 ஏக்கர். இந்த வட்டாரத்தில் பொதுப் பூங்காவின் தேவை எவ்வளவு பெரிது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லும்.

தேவை பெரிதாயிருப்பதால்தான் கணக்கும் கேட்கிறோம். நல்ல காரியம் என்ற பெயர் வைத்துவிட்டால் கேள்வி கேட்கக்கூடாது என்ற எண்ணம் நம்மிடையே உள்ளது. அது தவறு. சென்னையில் நடந்த ஒரு சங்கதி இதைத் தெளிவாக்கும்.

கதீட்ரல் ரோடு தரும் பாடம்

1835-ம் வருஷம், கம்பெனி ஆட்சிக் காலத்தில், சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கப்பட்டது. செடி கொடிகளை வளர்ப்பது, விதை தருவது, தோட்டக் கலையைப் பரப்புவது அதன் நோக்கம். நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. கதீட்ரல் ரோட்டின் இரு புறமும், நகரின் நடு நெஞ்சில், பெரும் நிலம் அதன் கையில் இருந்தது.

அந்த நிலத்தின் ஒரு பகுதியில் 1962-ல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் வந்தது. காரிலிருந்து இறங்காமலே பலகாரம் சாப்பிடலாம் என்பது அதன் பெருமை. தோட்டக் கலைக்கான நிலத்தில் ஓட்டல் ஏன் என்ற கேள்வி எழுந்தது. 1989-ல் சர்க்கார் நிலத்தைத் திரும்ப எடுக்க முனைந்தது. சங்கம் எதிர்த்தது. வழக்குகள் வருஷக் கணக்கில் நடந்தன. 2008-ல் ஓட்டல் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த நிலத்தை சர்க்கார் கைப்பற்றியதோ 2023 ஜூனில்தான். சுமார் 1,000 கோடி ரூபாய் பெறும் நிலம் என்று அப்போது சொல்லப்பட்டது.

1989-லிருந்து 2023 வரை 34 வருஷங்கள்! ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து வேலைக்குப் போய்விட்டது. யார் சரி, யார் தவறு என்ற சட்ட வாதத்தை நாம் இங்கே அளக்கவில்லை. நாம் கேட்பது வேறு. நகரத்து ஜனங்கள் அத்தனை பேருக்கும் பயன்படவேண்டிய நிலத்தை, ஒரு சிறு உறுப்பினர் பட்டியலும் ஒரு கமிட்டியும் நிர்வகித்தன. அதன் வரவு செலவை வாசலில் காய்கறி விற்ற பெண்மணி கேட்க முடிந்ததா? அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றிய தோட்டக்காரர் கேட்க முடிந்ததா?

செம்மொழிப் பூங்கா 20 ஏக்கர். வல்லம் வடகால் விடுதியும் 20 ஏக்கர். நகரத்தில் ஜனங்கள் உலாவுவதற்கு எவ்வளவு நிலமோ, இங்கே 18,720 தொழிலாளிகள் குடியிருப்பதற்கும் அவ்வளவே நிலம்.

கிண்டி குதிரைப் பந்தய மைதானமும் இதே ரகம்தான். 1945-ல் 160.86 ஏக்கர் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வருஷ வாடகை சுமார் 614 ரூபாய்! சர்க்கார் கேட்ட வாடகை பாக்கி 730.86 கோடி ரூபாய். கிளப் அதைக் கட்டவேண்டுமென்று 2023 மார்ச்சில் ஹைகோர்ட் சொன்னது. 2024 செப்டம்பரில் குத்தகை ரத்தாகி மைதானம் சீல் வைக்கப்பட்டது. ஏழை விவசாயி புறம்போக்கில் குடிசை போட்டால் மறுநாளே புல்டோசர் வருகிறது. பணக்காரர்களின் கிளப்புக்கோ பல பத்தாண்டு பொறுமை காட்டப்பட்டது.

சர்க்கார் கையில் வந்தால் போதுமா?

நிலம் சர்க்கார் கைக்கு வந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் அத்துடன் பிரச்னை தீர்ந்ததா? கதீட்ரல் ரோட்டில் மீட்ட நிலத்தில் சுமார் 46 கோடி ரூபாய் செலவில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் போனால் வாசலிலேயே 300 ரூபாய். அதே வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாட்கூலி 319 ரூபாய். ஒரு நாள் மண் வெட்டிய கூலி பூங்கா வாசலோடு சரி! பஸ் கட்டணம் தனி.

ஜனங்களின் நிலத்தில் ஜனங்களின் வரிப்பணத்தால் போட்ட பூங்காவுக்கு இப்படி ஒரு வேலி. முதல் வேலி இரும்புக் கம்பி. இந்த வேலி கட்டணம். ஆகவே பூங்காவை யார் நடத்தினாலும், சங்கமானாலும் இலாகாவானாலும் கம்பெனியானாலும், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே.

பணம் யாருடையது?

நம் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே அறக்கட்டளைகளுக்குக் கம்பெனிகள் தரும் பணம் முதலாளிகளின் தர்மம் என்று சொல்லப்படுகிறது. உண்மை என்ன? 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவுப்படி, வருஷ லாபம் 5 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய் அல்லது நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் எட்டிய கம்பெனி, முந்திய 3 வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்த லாபத்தை உண்டாக்கியது யார்? அசெம்பிளி லைனில் நின்றவர்கள். ஒப்பந்தக் கூலிக்கு மூட்டை தூக்கியவர்கள். நம் உழைப்பில் விளைந்த நூறில் இரண்டு பங்கு நம் ஊர் ஏரிக்கரைக்கு வந்தால், அதற்காக நாம் கைகட்டி நன்றி சொல்ல வேண்டியதில்லை; கணக்குத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் தோழர்கள் அறிய வேண்டும். வேறொரு சட்டப்படி கம்பெனி செய்தே தீரவேண்டிய வேலையை இந்த 2 சதவீதக் கணக்கில் எழுதக்கூடாது. சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனையாக ஆலை தன்னைச் சுற்றி மரம் வளர்க்க வேண்டுமென்றால், அது ஆலையின் கடமை. அந்த மரத்தையே சமூக சேவை என்று காட்டினால் அது ஏமாற்று. தன் தொழிலாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் தோட்டத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஐந்து கேள்விகள்

முதலாவது, நிலம் யாருடையது? ஊராட்சியின் புறம்போக்கா, நீர்வளத் துறையின் ஏரிக்கரையா, மனைப்பிரிவு போட்டவர் ஒப்படைத்த நிலமா? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக, 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்பது விதி. அந்த இடத்தை யாரிடம், எத்தனை வருஷத்துக்கு, எந்த நிபந்தனையில் ஒப்படைத்தார்கள்? தீர்மானம் எங்கே?

இரண்டாவது, வரவு என்ன, செலவு என்ன? தணிக்கை செய்த கணக்கில் மூன்று இடங்களைப் பாருங்கள். மண்ணுக்கும் செடிக்கும் தண்ணீருக்கும் கூலிக்கும் போனது எவ்வளவு? விழாவுக்கும் விளம்பரத்துக்கும் ஆலோசனைக் கட்டணத்துக்கும் போனது எவ்வளவு? பராமரிப்புக்கு மிச்சம் வைத்தது எவ்வளவு? பாங்கியில் இருப்பு இருந்தாலே மோசடி என்று முடிவு கட்டவேண்டாம். கன்று வேர்பிடிக்கும் வரை இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பணம் வேண்டும். பராமரிப்புக்கு ஒரு காசும் வைக்காமல் ஆயிரம் கன்று நட்டவர்தான் சந்தேகத்துக்குரியவர். நட்ட எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். உயிரோடு நிற்கும் மரங்களால் செலவை வகுத்துப் பாருங்கள். நூறு நாள் வேலையில் நம் பெண்கள் எடுத்த ஏரி மண்ணும் அறக்கட்டளையின் சாதனைப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, கமிட்டியில் யார்? கணவன், மனைவி, மைத்துனன் என்று ஒரே குடும்பமா? மண் தோண்டும் காண்டிராக்ட் கமிட்டி மெம்பரின் உறவினருக்கே போகிறதா? உள்ளூர்த் தொழிலாளி ஒருவராவது, விவசாயத் தொழிலாளி ஒருவராவது அதில் உண்டா?

நான்காவது, அங்கே வேலை செய்பவர்களுக்குக் கூலி என்ன? புல் செதுக்குபவருக்கும் கழிவறை கழுவுபவருக்கும் குறைந்தபட்சக் கூலியும் பி.எப்.பும் உண்டா? தொழிலாளியின் வயிற்றில் அடித்து வளர்த்த பூங்கா நமக்கு அழகல்ல.

ஐந்தாவது, கதவு யாருக்குத் திறக்கிறது? எத்தனை மணிக்கு? ஷிப்ட் முடிந்து வருகிறவர் நுழைய முடியுமா? ஆடு மாடு தண்ணீர் குடித்த துறைக்கு வேலி போட்டு வழியடைத்தார்களா?

கேட்க வழி உண்டு

“தனியார் அறக்கட்டளையை நாம் எப்படிக் கேட்பது?” என்று தோழர்கள் நினைக்கலாம். வழி உண்டு. பொது நிலத்தை ஒப்படைத்த ஊராட்சியிடமும் இலாகாவிடமும் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனு போடலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். சர்க்காரின் கணிசமான உதவியில் நடக்கும் அமைப்புகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்றும், இலவசமாகவோ சலுகை விலையிலோ நிலம் கொடுப்பதும் அத்தகைய உதவியாகலாம் என்றும் 2019 செப்டம்பரில் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது.

சங்கமாகப் பதிவானதென்றால் 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டாலும், ஜில்லா கலெக்டர் கேட்டாலும், பதிவாளர் விசாரணை நடத்தலாம். பொது அறக்கட்டளையானால் அதில் அக்கறையுள்ள இருவர் கோர்ட் அனுமதி பெற்று சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவில் வழக்குத் தொடுக்கலாம்.

இவையெல்லாம் தனி ஆளால் ஆகிற காரியமல்ல. கிராம சபைதான் நம் முதல் மேடை. வருஷத்தில் 6 நாள் அது கூடுகிறது. அதில் ஒரு நாள் மே தினம்! காலையில் கொடியேற்றிவிட்டு, ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் ஒன்றாகக் கிராம சபைக்குப் போய், ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

எல்லா அறக்கட்டளைகளும் கெட்டவை என்று நாம் சொல்லவில்லை. கையில் மண்படிய உழைக்கும் நல்ல மனிதர்கள் உண்டு. அவர்கள் கணக்கைக் காட்டத் தயங்கமாட்டார்கள். நம் சங்கங்களைப் பாருங்கள். பத்து ரூபாய் சந்தாவுக்கும் ரசீது கொடுக்கிறோம். மகாசபையில் பொருளாளர் எழுந்து வரவு செலவைப் படிக்கிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து “பெட்டிக்கடைப் பாக்கி எப்படி வந்தது?” என்று கேட்கிறார். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கூலிக்காரர்களால் இது முடிகிறதென்றால், கோடி ரூபாய் கையாளுகிறவர்களால் ஏன் முடியாது?

ஆகவே நாம் கோருகிறோம்:

பொது நிலத்தில் நடக்கும் ஒவ்வொரு பூங்காவின், ஏரிப் பணியின் வரவு செலவும் வருஷந்தோறும் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். நிலத்தின் விவரம், ஒப்பந்தக் காலம், வந்த பணம், செலவு ஆகியவை வாசல் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். நிர்வாகக் கமிட்டியில் உள்ளூர்த் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், பெண்கள் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. பூங்காத் தொழிலாளருக்குச் சட்டக் கூலி வேண்டும்.

கதீட்ரல் ரோடு நிலத்துக்கு 34 வருஷம் ஆயிற்று. நம் ஏரிக்கரைக்கும் நம் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். வரப்போகும் கிராம சபையிலேயே கேளுங்கள், தோழர்களே!