ரெய்டு போட்டாச்சு சார், இனி கவலையே இல்லை!

மக்களே, கம்ப்யூட்டர் கடைக்காரங்க சொல்ற பொய்கள்ல ஆகப் பெரிய பொய் எதுன்னு கேட்டா யோசிக்காம சொல்வேன். "ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு பண்ணியாச்சு சார். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். தனியா பேக்கப் எல்லாம் தேவையே இல்லை!"

இதைச் சொல்லித்தான் ஊர் ஊரா ஆடிட்டர் ஆபீஸ், கல்யாண வீடியோ ஸ்டூடியோ, பல் டாக்டர் கிளினிக்னு பொட்டி பொட்டியா தள்ளி விட்டுட்டு இருக்காங்க. இந்தப் பதிவு அந்தப் பொய்க்கு எதிரா. கொஞ்சம் நீளம், டீ ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல, தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாஸ்னு சொல்ற இந்த நெட்வொர்க் ஸ்டோரேஜ் பொட்டி ஒண்ணும் பெரிய மந்திரம் இல்லை. உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர், கூட ரெண்டோ நாலோ ஹார்ட் டிஸ்க். ரூட்டர்ல ஒரு வயர் சொருகினா ஆபீஸ்ல இருக்கிற எல்லாருக்கும் பொதுவா ஒரு டிரைவ் தெரியும். பென் டிரைவைத் தூக்கிட்டு டேபிள் டேபிளா அலைய வேண்டாம். இதுவரைக்கும் நல்ல விஷயம். அதை நான் குறை சொல்லலை.

வில்லங்கம் அந்த ரெய்டுல ஆரம்பிக்குது. (வருமான வரி ரெய்டு இல்லைங்க. ஆடிட்டர் ஆபீஸ்ல இந்த வார்த்தையைக் கொஞ்சம் மெதுவா சொல்லணும் :-)) 1988-ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு பெரிய விலை உயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலா, மலிவான பல டிஸ்க்கைச் சேர்த்து வேலை வாங்கலாம், அதுல ஒண்ணு செத்தாலும் மிஷின் நிக்காம ஓடணும். அவ்வளவுதான் மேட்டர். "ஓடணும்"ங்கிறதுதான் அதோட குறிக்கோள். உங்க ஃபைலை உங்ககிட்ட இருந்தே காப்பாத்தித் தர்றேன்னு ரெய்டு என்னைக்கும் சத்தியம் பண்ணலை.

ரெண்டு டிஸ்க் மிரர் என்ன பண்ணும்? முதல் டிஸ்க்ல எழுதறதை அதே நொடியில ரெண்டாவதுலயும் எழுதும். ஃபைலை அழிச்சா ரெண்டுலயும் அழிக்கும். தப்பா மேல எழுதினா ரெண்டுலயும் தப்பு. ரேன்சம்வேர் வந்து பூட்டினா ரெண்டுலயும் பூட்டு. அதுக்கு நல்லது கெட்டது தெரியாது, பாவம். சொன்னதைச் செய்யும்.

கதை விடறேன்னு நினைக்காதீங்க. ஈரோட்டுல என் மாமா அஞ்சு பேரை வச்சு வருமான வரி கணக்கு பார்க்கிற ஆபீஸ் நடத்தறார். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடைக்காரர் மேலே சொன்ன அதே வசனத்தைப் பேசி ரெண்டு டிஸ்க் பொட்டி ஒண்ணை மாட்டிட்டுப் போனார். போன செப்டம்பர் கடைசி வாரம். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட்டுக்குக் கெடு, ஆபீஸ்ல யாரும் சரியா சாப்பிடக்கூட இல்லை. அந்த நேரத்துல ஒரு பையன் இன்வாய்ஸ்னு வந்த மெயிலைத் திறந்தான். அவன் கம்ப்யூட்டர்ல இசட் டிரைவா தெரிஞ்ச பொதுவான ஃபோல்டர் முழுக்க, டேலி டேட்டால இருந்து ஸ்கேன் பண்ணின பேப்பர் வரைக்கும் அத்தனையும் பூட்டு.

மாமா கடைக்காரரைக் கூப்பிட்டார். வந்து பார்த்துட்டு அவர் சொன்ன வசனம் இருக்கே, கல்வெட்டுல பொறிக்கணும்: "ரெண்டு டிஸ்க்கும் நல்லாத்தான் சார் இருக்கு!"

ஆமா, நல்லாத்தான் இருந்துச்சு. பூட்டின ஃபைல் ரெண்டு காப்பி, பச்சை விளக்கு எரிய, பத்திரமா இருந்துச்சு. ராத்திரி பத்து மணிக்கு மாமா எனக்குப் போன் பண்ணி, "மாப்ள, நீ பொட்டி தட்டற ஆளுதானே, ஏதாச்சும் பண்ண முடியுமா?"ன்னு கேட்டார். வயித்தைப் பிசைஞ்சுது. பூட்டினவன்கிட்ட சாவி இருக்கும்போது நான் என்ன பண்ண? கட்சிக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு பில்லெல்லாம் திரும்ப வாங்கி, ராத்திரி பகலா உக்காந்து மறுபடி அடிச்சாங்க. கடைக்காரர் பொட்டிக்கு பில் போட்டார், காசு வாங்கினார். இந்த அஞ்சு பேர் தூங்காத ராத்திரிக்கு யார் பில் போடறது?

ரேன்சம்வேர் மட்டும்தான் எமன்னு நினைக்க வேண்டாம். ஒரே பொட்டி, ஒரே பவர் சப்ளை, ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கின ரெண்டு டிஸ்க். மின்னல் அடிச்சா ரெண்டுக்கும் அடி. திருடன் வந்தா ஒரு டிஸ்க்கை உங்களுக்கு விட்டுட்டுப் போவானா? பொட்டியோட தூக்கிட்டுப் போவான். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னையில தரைத்தளத்துல ஆபீஸ் வச்சிருந்தவங்களைக் கேளுங்க. தண்ணி டிஸ்க்கை எண்ணிப் பார்த்துட்டு உள்ளே வராது.

பொட்டியே ஒரு குறிதான். 2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ் பொட்டி வச்சிருந்தவங்க பல பேர் காலையில எழுந்து பார்த்தா உள்ளே ஒண்ணுமே இல்லை. எவனோ இண்டர்நெட் வழியா புகுந்து மொத்தத்தையும் துடைச்சிருந்தான். அந்த மாடலுக்கு 2015-க்கு அப்புறம் அப்டேட்டே கிடையாது. 2022 ஜனவரியில டெட்போல்ட்ங்கிற ரேன்சம்வேர் இண்டர்நெட்டைப் பார்த்துத் திறந்து கிடந்த க்யூநாப் பொட்டிகளைப் பூட்டிட்டு, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டுச்சு. "வீட்டுல இருந்தே பார்க்கலாம் சார்"னு ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் பண்ணித் தர்ற அண்ணன்களே, அது வசதி இல்லை. வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு ஊருக்குப் போறது. வெளியில இருந்து பார்த்தே ஆகணும்னா விபிஎன் வழியா உள்ளே வாங்க.

"அப்ப ரெய்டே வேண்டாமா?"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: வேணும், யாருக்குன்னா, அரை நாள் நின்னாலும் பொழப்பு போற இடத்துக்கு. டிஸ்க் செத்தாலும் வேலை நிக்காது, புதுசு வாங்கி மாட்டிக்கலாம். அது நல்ல வசதி. அஞ்சு பேர் ஆபீஸுக்கு அரை நாள் நின்னா உலகம் அழியாது. பத்து வருஷ டேட்டா போனா ஆபீஸே இல்லை. கையில ரெண்டு டிஸ்க் வாங்கத்தான் காசு இருக்குன்னா, ரெண்டாவதைப் பொட்டிக்குள்ள போடாதீங்க. வெளியே வைங்க! இதுதான் இந்தப் பதிவோட ஒரே கருத்து. மத்ததெல்லாம் கொசுறு.

"நாங்க கிளவுட்ல வச்சிருக்கோமே"ங்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்க் பண்றதும் மிரர் மாதிரிதான். இங்க அழிச்சா அங்கயும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டி 30 நாள்தான் காத்திருக்கும், அப்புறம் காலி. வீடியோ ஸ்டூடியோக்காரங்க கணக்கு இன்னும் மோசம். 2 டெராபைட்டை 20 எம்பிபிஎஸ் அப்லோட்ல ஏத்தினா இடைவிடாம ஒன்பது நாளுக்கு மேல ஆகும். அதுக்குள்ள அடுத்த முகூர்த்தம் வந்துடும். கிளவுட் வேண்டாம்னு சொல்லலை. அது ஒரு காப்பி, அவ்வளவே.

சரி, திட்டிட்டே இருந்தா எப்படி, என்னதான் பண்றது?

1. பொட்டியில ஒரு டிஸ்க். (காசு இருந்தா மிரர் போட்டுக்குங்க, வேண்டாங்கலை.) கூடவே ரெண்டு யூஎஸ்பி டிஸ்க்.

2. ராத்திரி ராத்திரி பொட்டியே தானா யூஎஸ்பி டிஸ்க்குக்கு பேக்கப் எடுக்கணும். நேத்து, போன வாரம், போன மாசம்னு பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கணும். இல்லைன்னா பூட்டின ஃபைல் போய் நல்ல ஃபைல் மேல உக்காந்துக்கும்.

3. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை யூஎஸ்பி டிஸ்க்கை மாத்துங்க. ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு முதலாளி வீட்டு பீரோவுல. கட்சிக்காரங்க பான் நம்பரெல்லாம் இருக்கும், அதனால பாஸ்வேர்ட் போட்டு என்கிரிப்ட் பண்ணியே வைங்க.

4. பொட்டியில ஸ்னாப்ஷாட் வசதி இருந்தா ஆன் பண்ணுங்க. ஃபைலைத் தெரியாம அழிச்சதுக்கு நல்ல மருந்து. ஆனா பொட்டியே போனா ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும்.

5. ஆளுக்கு ஒரு லாகின். தினசரி வேலைக்கு யாரும் அட்மின் லாகின் பயன்படுத்தக் கூடாது. பேக்கப் ஃபோல்டர் யார் கண்ணுலயும் படக் கூடாது.

6. மாசம் ஒரு தடவை பேக்கப்ல இருந்து ரெண்டு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்க.

அந்த ஆறாவதை யாரும் பண்றதில்லை. 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப் கம்பெனியில ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டார். அஞ்சு விதமான பேக்கப் வச்சிருந்தாங்க. எதுவுமே ஒழுங்கா வேலை செய்யலை. தற்செயலா ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு. 1998-ல பிக்ஸார்ல டாய் ஸ்டோரி 2 படத்தோட பெரும்பகுதியை யாரோ ஒரே கட்டளையில அழிச்சாங்க, பேக்கப்பும் காலை வாரிடுச்சு. குழந்தை பிறந்ததால வீட்டுல இருந்தே வேலை பார்த்த கேலின் சூஸ்மன்கிட்ட ஒரு காப்பி இருந்ததால படம் தப்பிச்சுது. கோடி கோடியா கொட்டி எடுத்த படத்தைக் காப்பாத்தினது எந்த ரெய்டும் இல்லை. வேற ஒரு கட்டடத்துல, வேற ஒரு கம்ப்யூட்டர்ல இருந்த ஒரு காப்பி.

கடைக்காரர் இதை ஏன் சொல்றதில்லை? எல்லாருமே கெட்டவங்கன்னு நான் சொல்லலை. மிரர்னா ஒரே விசிட்டுல மாட்டிட்டு, ரெண்டு டிஸ்க்குக்கு பில் போட்டுட்டுக் கிளம்பிடலாம். பேக்கப்ங்கிறது பொருள் இல்லைங்க, பழக்கம். பழக்கத்துக்கு பில் போட முடியாது. அதான் அது விற்பனைக்கு வர்றதே இல்லை.

அதனால அடுத்த தடவை உங்க வீட்டுலயோ, சித்தப்பா கடையிலயோ, பழைய காலேஜ் நண்பன் ஸ்டூடியோவுலயோ எவனாச்சும் பொட்டி விக்க வந்தா, எத்தனை டெராபைட்னு கேட்காதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இன்னிக்கு ராத்திரி இந்தப் பொட்டி திருடு போச்சுன்னா, நாளைக்குக் காலையில நான் எதை வச்சு வேலையை ஆரம்பிப்பேன்?"

பதில் வரலைன்னா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைங்க.

டிஸ்கி: சக பதிவர்களே, ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நம்மளை விட்டுட்டா எப்படி? 2009-ல ஜியோசிட்டீஸை மூடினப்ப எத்தனை பேரோட பக்கங்கள் காத்துல போச்சுன்னு தெரியும்தானே. உங்க பதிவுகளோட ஒரு காப்பி உங்க கையில இருக்கா? கடைசியா எப்ப எடுத்தீங்க? பின்னூட்டத்துல தேதியோட சொல்லுங்க. "எடுக்கணும் பாஸ்"னு மட்டும் சொல்லாதீங்க, கடுப்பாயிடுவேன்.