மூளை முடக்குவாதம்: சதவீதம் மட்டும் போதாது

சிங்கவரத்திலோ செஞ்சியைச் சுற்றியுள்ள வேறு கிராமத்திலோ, எட்டு மாதமாகியும் தலை நிற்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் கிளம்பினால், அவர் போகும் வழி ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலில் செஞ்சி அரசு மருத்துவமனை. பிறகு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி, பலமுறை அலைந்த பிறகு சீட்டில் ‘மூளை முடக்குவாதம்’ என்று எழுதித் தருகிறார்கள். சில வருடங்களில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அதில் ஊனத்தின் சதவீதமும் வருகின்றன. அந்தக் குழந்தைக்கு எந்த வகை முடக்குவாதம், எந்த அளவில் இருக்கிறது, அதனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலான தாய்மாருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. குழந்தையின் எதிர்காலம் அந்தச் சதவீதத்தைவிட இந்த விவரத்தைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. முதல் சீட்டிலேயே அது எழுதப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த சில காலத்திலோ ஏற்படும் பாதிப்புதான் இது. அந்தப் பாதிப்பு மேலும் பரவாது. ஆனால் உடல் வளர வளர அதன் விளைவுகள் மாறும். மூளையின் எந்த இடம் அடிபட்டது என்பதைப் பொறுத்துக் குழந்தையின் உடல் வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறது. பத்தில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு வருவது தசை இறுகும் ஸ்பாஸ்டிக் வகை. அதிலும் ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் இறுகிய குழந்தை, கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டே ஓடியாடும். இரு கால்களும் இறுகிய குழந்தை முட்டி உரச, முன்பாதத்தை ஊன்றிக் கத்தரிக்கோல்போல் கால் பின்ன நடக்கும். நான்கு கைகால்களும் இறுகிய குழந்தைக்கு உட்காருவதும் விழுங்குவதுமே பெரும்பாடு. டிஸ்கைனெடிக் வகையில் இறுக்கம் ஒரு நிலையில் நிற்காது. தட்டில் இருக்கும் இட்லியை எடுக்கக் கை நீட்டினால் விரல்கள் விரிந்து கை வேறெங்கோ போகும், முகம் கோணும், கழுத்து திரும்பும். தூங்கும்போது உடல் தளர்ந்து அமைதியாகிவிடும். அடாக்சிக் வகை அரிது. நடை தள்ளாடும், டம்ளரைப் பிடித்த கை நடுங்கும். ஒரே குழந்தையிடம் இரண்டு வகை கலந்தும் இருக்கலாம்.

வகை தெரிந்தால் காரணத்தையும் ஓரளவு தேட முடியும். இரு கால் இறுக்கம் குறைமாதக் குழந்தைகளிடம் அதிகம். பிறந்த சில நாட்களில் ஏறும் கடுமையான மஞ்சள் காமாலைக்கு நேரத்தோடு சிகிச்சை கிடைக்காவிட்டால், மூளையின் அடியாழத்தில் உள்ள, அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் பழுதாகி டிஸ்கைனெடிக் வகை வரும். நீல வெளிச்ச விளக்கின் கீழ் உரிய நேரத்தில் வைத்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய ஊனம் அது. இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் நாட்கள் அந்தக் குழந்தையின் வாழ்நாளையே விலையாகக் கேட்கின்றன. பழியைத் தாயின் மேல் போடும் வழக்கத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டாள் என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் 1860-களின் தொடக்கத்தில் கடினமான பிரசவத்தைக் காரணமாகக் காட்டினார். பல குழந்தைகளுக்குச் சிக்கல் கருவிலேயே தொடங்கியிருக்கலாம், கடினமான பிரசவம் அதன் விளைவாகவும் இருக்கலாம் என்று அதே நூற்றாண்டின் முடிவில் சிக்மண்ட் பிராய்ட் சொன்னார். பிற்கால ஆய்வுகள் இரண்டுக்கும் இடம் உண்டு என்று காட்டியிருக்கின்றன.

சிகிச்சைக்கு வந்தால் வகையின் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது. ஒரு பக்க இறுக்கம் உள்ள குழந்தையின் நல்ல கைக்கு நாளில் சில மணி நேரம் உறை மாட்டி, பலவீனமான கையால் விளையாட வைப்பது நிரூபிக்கப்பட்ட பயிற்சி. நான்கு கைகால்களும் இறுகிய குழந்தைக்கு அதனால் பயனில்லை. அதற்குத் தேவை சரியாக உட்காரவைக்கும் நாற்காலியும், புரை ஏறாமல் ஊட்டும் முறையும். எண்ணெய் தேய்த்துக் கால் நீவுவதை மட்டும் எல்லாருக்கும் ஒரே மருந்தாகச் சொல்லி அனுப்புவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. இடுப்பு மூட்டை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் இன்று இக்குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 1997-இல் வகுத்தது அது. முதல் நிலைக் குழந்தை தானாக நடக்கும், ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிறுத்தவே உதவி வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், முதல் நிலையினரில் யாருக்கும் இடுப்பு மூட்டு விலகவில்லை. ஐந்தாம் நிலையினரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு விலகியிருந்தது. விலகத் தொடங்கும்போது வலிக்காது. வலிக்கும்போது, குழந்தையை உட்கார வைக்கவோ துணி மாற்றவோ முடியாத நிலை வந்திருக்கும். நிலையை அறிந்து, குறித்த இடைவெளியில் சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதை 1994-இல் தொடங்கிய தென் ஸ்வீடனில் இடுப்பு முழுவதுமாக நழுவுவது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அங்கே பயன்பட்டது அபூர்வக் கருவி எதுவும் இல்லை, எக்ஸ்ரேதான்.

அறிவுத்திறன் விஷயத்தில் நாம் செய்யும் அநியாயம் இதைவிடப் பெரிது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு இல்லை. டிஸ்கைனெடிக் வகையில் பலருக்குப் பேச்சு குழறும், எச்சில் வழியும், ஆனால் சொல்வதெல்லாம் புரியும். முகத்தைப் பார்த்து ‘புத்தி இல்லாத பிள்ளை’ என்று முடிவு செய்யும் பள்ளி, அந்தக் குழந்தையின் படிப்பை அன்றோடு முடித்துவிடுகிறது. மும்பையில் மாலினி சிப் பேச முடியாமலும் நடக்க முடியாமலும் வளர்ந்தார். அவருக்காகவே அவருடைய தாய் மித்து அலுர் 1972-இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். மாலினி ஒற்றை விரலால் தட்டச்சு செய்து பட்டம் பெற்று, லண்டன் சென்று முதுகலையும் படித்து, தன் வரலாற்றையும் எழுதினார். சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர், படப் பலகைகளையும் மாற்றுத் தொடர்பு முறைகளையும் கொண்டு இதே உண்மையைப் பல குழந்தைகளிடம் காட்டியிருக்கிறது. எழுபது சதவீதம் என்ற அட்டை எண் உதவித்தொகைக்குப் போதுமானதாக இருக்கலாம். அது காலைச் சொல்கிறதா, நாவைச் சொல்கிறதா, அறிவைச் சொல்கிறதா என்பது வகுப்பாசிரியருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமும் உண்டு. குழந்தையின் முதல் வருடத்தில் வகை உறுதியாகத் தெரியாது என்பார்கள். உண்மைதான், தொய்வாக இருந்த உடல் பின்னர் இறுகலாம், டிஸ்கைனெடிக் அசைவுகள் தாமதமாக வெளிப்படலாம். அதனால் முதலில் எழுதுவதைத் தற்காலிகமாக எழுதி, இரண்டு வயதிலும் நான்கு வயதிலும் திருத்த வேண்டும். எழுதாமலே விடுவதற்கு அது காரணமாகாது. காத்திருக்க நேரமும் இல்லை. ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடுமையான பாதிப்புள்ள குழந்தைகள் தங்கள் இயக்கத் திறனின் 90 சதவீதத்தை மூன்று வயதுக்குள்ளும், லேசான பாதிப்புள்ளவர்கள் ஐந்து வயதுக்குள்ளும் எட்டிவிடுகிறார்கள். ‘சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்’ என்று கழிக்கும் இரண்டு வருடம் அதில் எவ்வளவு பெரிய பங்கு! ஐந்தாம் நிலை என்று சொன்னால் பெற்றோர் நொறுங்கிப் போவார்கள் என்பது இன்னொரு தயக்கம். நொறுங்கத்தான் செய்வார்கள். ஆனால் நடக்க வைக்கிறேன் என்பவரிடமெல்லாம் நகையை அடகு வைத்துக் கொடுத்து, கடைசியில் தானே தெரிந்துகொள்ளும் தாயின் நொறுங்கல் அதைவிடக் கொடுமையானது.

கடைசி ஆட்சேபம் ஆள் பற்றாக்குறை. இத்தனை கிராமத்துக்கு இயன்முறை மருத்துவர் ஏது என்று கேட்கலாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நிபுணர்களின் வழிகாட்டுதலோடு வீடு வீடாக அனுப்பிவருகிறது. அரசிடமும் கால்கள் இருக்கின்றன: 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை உண்டு, வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு, 2013 முதல் அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவும் உண்டு. இந்த மூவர் கையிலும் ஒரே குழந்தையைப் பற்றிய ஒரே தாள் இல்லை. வகை, நிலை, அடுத்த இடுப்பு எக்ஸ்ரே எடுக்கவேண்டிய மாதம், குழந்தை தன் தேவையைத் தெரிவிக்கும் முறை ஆகிய நான்கையும் தமிழில் எழுதிய தாள் தாயிடம் இருக்க வேண்டும். நடக்கிறதா, பிடித்துக்கொண்டு நடக்கிறதா, தானே உட்காருகிறதா என்ற சில கேள்விகளிலேயே நிலையைக் கணிக்கலாம். பெற்றோரே நிரப்பும் படிவமும் உலகில் புழக்கத்தில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் இந்தத் தாளைச் செஞ்சியில் நடக்கும் அடுத்த மாற்றுத்திறனாளிகள் முகாமிலேயே கொடுக்கத் தொடங்கலாம். அதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம்.