மூன்று செயலிகள், ஒரே கோபுரம்

இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறையில் 'யானை வருகிறது' என்பது உயிர் காக்கும் தகவல். ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்துக்கும் மதிகெட்டான் சோலைக்கும் அருகே ஏலத்தோட்டங்களும் யானைகளும் ஒரே நிலத்தைப் பகிர்கின்றன. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் பிடிக்கப்பட்டு அகற்றப்பட்டது. ஆனால் ஒரு யானை அகன்றதால் வழித்தடம் அகன்றுவிடவில்லை. எனவே எச்சரிக்கையை எத்தனை தடங்களில் அனுப்புவது என்பது வெறும் பொறியியல் வினா அன்று.

'ஒரே தடம் போதும். எளிது, மலிவு, குழப்பமற்றது' என்பது ஒரு தரப்பு. 'குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தானியங்கி அழைப்பு ஆகிய மூன்றும் இருப்பதால் பல்தட அமைப்பு ஆயிற்று' என்பது மறுதரப்பு. இரு தரப்பும் பிழை செய்கின்றன.

மறுதரப்பின் பிழை கருத்துக் குழப்பம். பல சமிக்ஞைகளை ஒரே ஊடகத்தில் நேரத்தையோ அதிர்வெண்ணையோ பங்கிட்டு அனுப்புவதே மல்டிபிளெக்சிங். அதன் பயன் சிக்கனம், பாதுகாப்பு அன்று. மூன்று செய்திகளும் ஒரே கைபேசிக் கோபுரத்தைச் சார்ந்திருந்தால், மழையிரவில் மின்சாரம் போய்க் கோபுரம் ஓயும்போது மூன்றும் சேர்ந்தே ஓயும். தடங்களை எண்ணுவோர் அவை எங்கே ஒன்றுசேர்கின்றன என்பதையும் எண்ண வேண்டும்.

ஒருதடத்தாரின் பிழை இன்னும் ஆழமானது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து. யூனிகோடில் தமிழுக்கோ மலையாளத்துக்கோ 70 குறியீடு மட்டுமே. 'யானை' என்னும் ஈரெழுத்துச் சொல் நான்கு குறியீடுகளை விழுங்கும். இடம், நேரம், திசை மூன்றையும் இரு மொழிகளில் இக்குடுவைக்குள் அடைப்பது அரிது. அப்போது ஒரு மொழி வெளியேற்றப்படும். எந்த மொழி என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை. தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் தோட்டத் தொழிலாளர்களின் மொழி தமிழ். பதிவு செய்த எண்களுக்கு மட்டுமே செல்லும் பட்டியலிலும் அவர்களின் எண்கள் விடுபட வாய்ப்பு மிகுதி. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் தொடர்புகொள்ள இடமளிக்கிறது. கடிதத்துக்குக் கிடைத்த அவ்வுரிமை உயிர் எச்சரிக்கைக்கு வேண்டாவா?

பல தடங்கள் முரண்பட்ட செய்திகளைத் தரும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடையும் உண்டு. பொது எச்சரிக்கை நெறிமுறையில் (சிஏபி) ஒரே எச்சரிக்கை பல மொழிப் பகுதிகளைத் தாங்க முடியும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' அமைப்பு இந்நெறிமுறையில்தான் இயங்குகிறது. மூலம் ஒன்று, வாயில்கள் பல. 2023-இல் நாடெங்கும் சோதிக்கப்பட்ட செல் பிராட்காஸ்ட் முறை எண்பட்டியலே இன்றி, கோபுர எல்லைக்குள் நிற்கும் கைபேசிகளுக்கு ஒலிபரப்பும். காலையில் வந்து மாலையில் திரும்பும் தொழிலாளிக்கு உரிய வழி அது.

வால்பாறை இதற்கு முன்பே பாடம் சொன்னது. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரி, குறுஞ்செய்தி, குரல் அழைப்பு, சாலையோரச் சிவப்பு விளக்கு என நான்கையும் இணைத்தனர். அவ்விளக்கும் கைபேசி வழியே எரிவதுதான்; எனினும் எரிந்தபின் அதைக் காண எழுத்தறிவும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். அம்முயற்சிக்காக ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது பெற்றார்.

மழைமானியின் அளவீடுகளையும் கேமராவின் படங்களையும் ஒரே இணைப்பில் திணிக்கலாம். தாமதமானால் இழப்பு சிறிது. எச்சரிக்கையை அவ்வாறு திணிக்கலாகாது. சாந்தன்பாறைக்கு வேண்டியவை இரு மொழிகளில் ஒலிபரப்பு, கோபுரம் ஓய்ந்தாலும் கையால் ஏற்றக்கூடிய விளக்கு, மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கி. ஒருதடத்தின் எளிமை அனுப்புபவருக்கே எளிமை. அதன் விலையைக் கொடுப்பவர் ஏலக்காட்டில் குனிந்து காய் பறிப்பவர்.