ராத்திரி 12 மணிக்கு என்ன தேதி?

இப்போதெல்லாம் வாண்டுகள்கூட ஆங்கிலத்தில் மணி சொல்கின்றன. ஆனால், அர்த்தம் புரிந்து சொல்கின்றனவா? 'குவார்ட்டர் டு எய்ட்' என்றால், 'எய்ட்' மட்டும் காதில் விழுந்து, எட்டேகால் என்று எழுதி விடுகின்றன. எல்லாம் மனப்பாடம் செய்ய வைப்பதால் வரும் வினை!

நம் பேச்சை வைத்தே புரிய வைக்கலாமே... 'பாஸ்ட்' என்றால், தாண்டியாச்சு. 'டு' என்றால், இன்னும் பாக்கி இருக்கு. 'எட்டாக இன்னும் கால் மணிதான் இருக்கு, கிளம்புடா...' என்று காலையில் நாம் போடும் சத்தம்தான், 'குவார்ட்டர் டு எய்ட்!' 'ஹாப் பாஸ்ட் செவன்' என்பது நம் ஏழரை. அதையே ஜெர்மன்காரர்கள், 'பாதி எட்டு' என்பர். எட்டை நோக்கிப் பாதி வந்தாச்சு என்று கணக்கு!

பிள்ளைகளுக்கு ஒரு மார்க்கோடு போச்சு. பெரியவர்கள் ஏமாறுவது, தேதியில்தான். நமக்கு, விடிந்தால்தான் மறுநாள். ஆங்கிலக் கணக்கிலோ, ராத்திரி 12 மணி ஆனதுமே தேதி மாறி விடும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர், சென்னையில் மகள் வளைகாப்புக்காக, திண்டுக்கல்லில் ரயில் ஏற வேண்டும். டிக்கெட்டில், 20ம் தேதி, 00.40 என்று இருந்தது. அன்று ராத்திரி சாப்பிட்டு, வளையலும், பலகாரமுமாக ஸ்டேஷன் போனால், வண்டி முதல் நாள் ராத்திரியே போயிருந்தது. அவர் ஒன்றும் படிக்காதவர் இல்லை. பத்தாவது பாஸ் செய்தவர்தான். பணம் போனதைவிட, விசேஷத்தில் பெற்றவள் இல்லையே என்று அவர் அழுததுதான் மனசை என்னவோ செய்தது.

ஏ.எம்., பி.எம்., என்பவை லத்தீன் சொற்களின் சுருக்கம். உச்சிப் பொழுதுக்கு முன், பின் என்று பொருள். ஆகவே, 12.30 பி.எம்., என்றால் பகல், 12.30 ஏ.எம்., என்றால் நடுராத்திரி. ரயில்வேயில் 24 மணிக் கணக்கு. 13 முதல் 23 வரை இருந்தால், 12ஐ கழித்தால் போதும், 21.15 என்றால், ராத்திரி ஒன்பதேகால். 00 என்று ஆரம்பித்தால், முதல் நாள் ராத்திரியே ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

பள்ளியில் கடிகாரப் படம் வரைந்து சொல்லித் தருவதோடு, பழைய ரயில் டிக்கெட் ஒன்றையும் காட்டி விளக்கலாம். மகளிர் குழுக் கூட்டங்களிலும், பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம்.

தோழியரே... டிக்கெட் கைக்கு வந்ததும், 'இது எந்த ராத்திரி?' என்று கூச்சப்படாமல் கேட்டுவிட்டு, அப்புறம் பெட்டியை அடுக்குங்கள்!

— ஒரு வாசகி, பாலசமுத்திரம்.